மறு: இந்தோ-சாரசெனிக் என்பதற்குத் தமிழில் என்ன?

> "சாரசெனிக்" என்றே ஒலிபெயர்த்துவிடலாம். மாணவர்களுக்குப் பழகிய சொல்.

அன்புள்ள அக்கா,

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டடப் பாணிக்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே கேள்வி. 'சாரசெனிக்' பழகிய சொல்தான், ஆனால் யார் வைத்த பெயர்? கிரேக்கரும் ரோமரும் அரபு நாட்டாரைச் சுட்டிய சொல் அது. பிறகு ஐரோப்பியர் முஸ்லிம்கள் எல்லாரையும் அப்படி அழைத்தார்கள். இந்த மண்ணில் எவரும் தம்மைச் சாரசென் என்று சொல்லிக்கொண்டதில்லை. 1876இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்கூசன் நம் கட்டடங்களைச் சமயவாரியாகவும் இனவாரியாகவும் பிரித்தபோது அந்தப் பெயரும் ஒரு தலைப்பாயிற்று. போன வாரம் பரிந்துரையாக வந்த 'இந்திய-இஸ்லாமியப் பாணி'யிலும் அதே பிரிவினைதான் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து என் மாமாவைத் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். 50 வருசம் மரவேலை பார்த்த ஆசாரி. பட்டை பட்டையாக நிறம் மாறும் சுவர்களில் அவர் கண் நிற்கவே இல்லை. நேரே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம முகப்பாக்கும் மக்களே, பத்மநாபபுரம் அரண்மனையில உள்ளதேதான்" என்றார். முகப்பு என்று அவர் சொன்னது கூரையின் முக்கோண முகத்தை. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் வரைந்து 1880இல் முடிந்த கட்டடம். அதன் உயிரே அந்தக் கூரைதான். சாரசென் என்ற பெயரிலோ அந்த ஆசாரிமாரின் கைக்கு இடமே இல்லை. என் கோபமெல்லாம் இதில்தான்.

'கலப்புப் பாணி' என்ற பெயரும் எனக்கு ஒப்பவில்லை. கலந்தது எது எதனோடு என்று அது சொல்லாது.

என் பரிந்துரை: காலனிய ஒட்டுப்பாணி.

ஒட்டுமாங்கன்றை நினைத்துப் பாருங்கள். அடிக்கன்று ஒன்று, மேலே வைத்துக் கட்டிய கிளை இன்னொன்று. வளர்ந்த பிறகும் ஒட்டின இடம் தெரியும். நேப்பியர் அருங்காட்சியகம், சென்னை உயர் நீதிமன்றம் (1892), எழும்பூர் ரயில் நிலையம் (1908) போன்றவற்றில் அடிக்கன்று ஆட்சியாளருடையது: கட்டடத்தின் தேவையும் தரைப்படமும். கூரையின் முகப்பும் குவிமாடமும் இந்த மண்ணில் வெட்டியெடுத்த கிளைகள். ஒட்டு என்றால் ஒட்டினவர் ஒருவர் இருந்தார் என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. மலையாளத்திலும் ஒட்டுமாவு என்றே சொல்வதால் எல்லைக்கு அந்தப் பக்கத்து நண்பர்களுக்கும் விளங்கும்.

ஒட்டு என்றால் ஒட்டுப்போட்ட துணி நினைவுக்கு வருகிறது என்று தம்பி முன்பே எழுதியிருந்தார். 'காலனிய' என்ற அடையோடும் 'பாணி'யோடும் சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் இருக்காது என்று நம்புகிறேன். ஒட்டுப்பாணிக் கட்டடம், ஒட்டுக்கூறு என்று நீட்டவும் வசதி.

இன்னொன்று: நம் சொற்பட்டியலில் கூரையின் முக்கோண முகத்துக்குக் 'கேபிள்' என்று இருக்கிறது. தமிழில் முகப்பு என்றால் கட்டடத்தின் முன்பக்கம் முழுவதையும் குறிக்கும் என்பதால் 'கூரைமுகப்பு' என்று மாற்றலாமா? உங்கள் ஊர்ப் பக்கம் ஆசாரிமார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள் அக்கா.