கட்டை விளையாட்டில் கணக்கைக் கற்பிப்பது எப்படி?

கேள்வி:
என் மகளுக்கு நான்கு வயது ஆகிறது. இருபது வரை தடங்கலின்றிச் சொல்கிறாள். ஆனால் ஐந்து கட்டைகளைத் தரச் சொன்னால் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளித் தருகிறாள். கட்டைகளை அடுக்குவதில் மணிக்கணக்காக மூழ்கியிருக்கும் அவளுக்கு, அந்த விளையாட்டைக் கெடுக்காமலேயே எண்களைப் புரியவைக்க வழி உண்டா?

மறுமொழி 1:
எண்ணுப் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கும் என்று உணர்வது வேறு. முதலாவது வந்து பல மாதங்கள் கழித்தே இரண்டாவது வருவது இயல்புதான். எனவே ஐந்தில் தொடங்க வேண்டாம். அவள் பிசகாமல் எடுத்துத் தரும் எண் எதுவென்று பார்த்து, அதற்கு அடுத்த எண்ணை மட்டும், "இந்தச் சுவருக்கு இன்னும் மூன்று கட்டைகள் வேண்டுமே" என்பதுபோல், விளையாட்டின் தேவையாகவே கேளுங்கள். "இது எத்தனை, அது எத்தனை" என்று தேர்வு நடத்தினால் குழந்தை எழுந்து போய்விடும். (என் மகன் போனான்.)

மறுமொழி 2:
கட்டைகளின் அளவையும் கவனியுங்கள். அமெரிக்க ஆசிரியர் கரோலின் பிராட் வடிவமைத்த 'யூனிட் பிளாக்' வகையில் தடிமன், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் அமையும். அடிப்படைக் கட்டை 5½ அங்குல நீளமும் இரட்டைக் கட்டை 11 அங்குல நீளமும் கொண்டவை என்பதால், நீளக் கட்டைகள் தீர்ந்துபோனதும் குழந்தை இரண்டு சிறியவற்றை ஒட்டி வைத்து இடைவெளியை நிரப்பத் தானே முயலும். பாதி, இரு மடங்கு, சமம் ஆகிய மூன்றும் அந்த ஒரு செயலிலேயே அடங்கியிருக்கின்றன. அவசரப்பட்டு வேறு கட்டையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் கல்வியாளர் ஃபிரோபல், 2 அங்குலக் கனசதுரம் ஒன்றை 8 சிறு கனசதுரங்களாகப் பிரித்துக் குழந்தைகளிடம் கொடுத்ததும் 19ஆம் நூற்றாண்டிலேயே இதே நோக்கத்தில்தான்.

மறுமொழி 3:
எண்ணிக்கை மட்டுமே கணக்கு ஆகிவிடாது. 'மேலே', 'நடுவில்', 'இதைவிட உயரம்' போன்ற சொற்களை அவள் அடுக்கும்போதே இயல்பாகச் சொல்லி வாருங்கள். கோபுரம் சரிந்தால், அகலமான கட்டை எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவளையே யோசிக்க விடுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று சோதித்தேன்: மூன்று வரை சரியாகத் தருகிறாள், நான்கில்தான் தடுமாறுகிறாள். நாளை நான்கு தூண்கள் உள்ள வீடு கட்டப்போகிறோம்.