வளைவு மாற்றப் புள்ளி: கூர் முனையில் வந்தால் சேர்க்கலாமா?

குழுவில் இருக்கும் கணக்கு வாத்தியார்கள் கொஞ்சம் கை கொடுங்கள். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சிக்கு வளைவு மாற்றப் புள்ளி, அதாவது வளைவரையின் குழிவு மேல்நோக்கி, கீழ்நோக்கி என்று திசை மாறும் இடம், சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானால் மட்டும் போதாது, அங்கே குறியும் மாற வேண்டும் என்பது வரை தகராறு இல்லை. எக்ஸின் 4-ஆம் அடுக்குக்கு 0-இல் அது பூச்சியம்தான். இரு பக்கமும் மிகை எண் என்பதால் சேராது. கனமூலச் சார்புக்கு 0-இல் இரண்டாம் வகைக்கெழுவே கிடையாது, ஆனாலும் சேரும்.

மாட்டிக்கொண்டது இங்கேதான். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து, அதற்கு மட்டு மதிப்பு எடுங்கள். -1-க்கும் 1-க்கும் நடுவே வளைவரை கீழ்நோக்கிக் குழிவு, வெளியே மேல்நோக்கிக் குழிவு. தொடர்ச்சியும் உண்டு. ஆனால் 1-இல் கூர் முனை: இடப்பக்கச் சாய்வு -2, வலப்பக்கம் 2. தொடுகோடே இல்லை! சில புத்தகங்களுக்குத் தொடர்ச்சி போதும், சிலவற்றுக்குத் தொடுகோடும் வேண்டும். நீங்கள் வகுப்பில் எந்த வரையறையை எடுக்கிறீர்கள், ஏன்?

"மூன்றாம் வகைக்கெழுவைப் பார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எக்ஸின் 5-ஆம் அடுக்குக்கு 0-இல் அதுவும் பூச்சியம், ஆனால் அங்கே வளைவு மாறத்தான் செய்கிறது.