பகுதி மயக்கமா, துணையேற்ற மூச்சுமயக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கால்நடை அறுவையில், நாயை மூச்சுவழி மருந்தால் மயக்கி, கூடவே சிரைவழியாகவும் மருந்து செலுத்தும் முறைக்கு ‘பார்ஷியல் இன்ட்ராவீனஸ் அனஸ்தீசியா’ என்று பெயர். இதற்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘பகுதிச் சிரைவழி மயக்கம்’ சொல்லுக்குச் சொல் பொருந்தினாலும், நாய் பாதி மயக்கத்தில் கிடக்கிறது என்றோ, உடலின் ஒரு பகுதி மட்டும் மரத்துள்ளது என்றோ மாணவர் எண்ண இடம்தருகிறது. உண்மையில் நாய் முழு மயக்கத்தில் இருக்கிறது.

தொடையெலும்பு முறிவுக்குத் தகடு பொருத்துகையில், எலும்பைக் கவ்வி இழுத்த நொடியில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென ஏறும். ஆவியாக்கியின் குமிழைத் திருப்பி, மூச்சுவழி மயக்கமருந்தான ஐசோஃப்ளுரேனைக் கூட்டினால் நாய் அடங்கும்; ஆனால் ஐசோஃப்ளுரேன் வலிநிவாரணி அன்று, இரத்தக்குழாய்களை விரித்து அழுத்தத்தைச் சரித்துவிடவும் செய்யும். நுரையீரலின் காற்றறைகளில் அது சுமார் 1.3 விழுக்காடு இருக்கும்போது, வலித்தூண்டலுக்குப் பாதி நாய்கள் அசைவதில்லை. வலிநிவாரணியான ஃபென்டனிலையோ, மார்ஃபின், லிடோகெயின், கெட்டமின் மூன்றையும் சேர்த்தோ ஊசிப்பம்பு வழியாகச் சீரான வீதத்தில் செலுத்தினால் (லிடோகெயின் என்றால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம் அளவில்) ஐசோஃப்ளுரேனின் தேவை வெகுவாகக் குறைகிறது. ஃபென்டனில் மூச்சையும் துடிப்பையும் மந்தமாக்கும் என்பதால் செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது தனிக்கதை.

ஆக, மயக்கத்தைத் தாங்குவது மூச்சுவழி மருந்து. சிரைவழி மருந்து அதற்குத் துணை. எனவே ‘துணையேற்ற மூச்சுமயக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். சிரை என்ற சொல் விடுபட்டுவிட்டதே என்று கேட்கலாம். இரத்தம் ஏற்றினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்றால் எதன் வழியாக என்று நாம் யாரும் கேட்பதில்லை. ‘ஏற்றம்’ அந்தப் பொருளை ஏற்கெனவே சுமக்கிறது. ஐசோஃப்ளுரேன் ஆவிதானே என்று ‘ஆவிமயக்கம்’ என எழுதிப் பார்த்தேன். மருத்துவரைவிடப் பூசாரியே நினைவுக்கு வந்தார்.

வலிதணிப்பு இச்சொல்லில் இல்லை என்பது வலுவான மறுப்பு. எனினும் வலிதணிக்காத மயக்கமருந்தான புரோபோஃபோலையும் இவ்வாறு துணைக்கு ஏற்றுவதுண்டு. ஆதலால் பொதுச்சொல்லை விரிவாகவே விட்டு, வேண்டிய இடத்தில் ‘வலிதணி துணையேற்றம்’ என்று குறுக்கிக்கொள்ளலாம். ‘தையல் போடத் தொடங்கிவிட்டேன், கெட்டமின் துணையேற்றத்தைக் குறைக்கலாமா?’ என்று அறுவை மேசையருகே நின்று கேட்டுப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.