வங்கியில் பணம் போய்விட்டது, ஆப்பில் ஆர்டர் இல்லை: ரீடைரக்ட் பேமெண்ட்டைச் சரியாகச் சேர்ப்பது எப்படி?

வண்டிக்கூடை

எங்கள் ஷாப்பிங் ஆப்பில் இதுவரை கார்டு மட்டும்தான். எண்ணை வாங்கி, வங்கிகளோடு பேசிப் பணத்தை வாங்கித் தரும் சேவையான கேட்வேயின் எஸ்டிகேவிடம் (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் அதன் நிரல் தொகுப்பு) கொடுத்தால் பதில் அதே திரையில் வந்துவிடும். இப்போது வங்கியின் பக்கத்துக்கே அனுப்பிப் பணம் கட்டவைக்கும் ரீடைரக்ட் முறையையும் சேர்க்க வேண்டும், அதில்தான் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்குச் செய்திருப்பது இதுதான். "பணம் செலுத்து" அழுத்தியதும் சர்வர் கேட்வேயிடம் ஒரு பேமெண்ட்டைத் தொடங்கி, அது தரும் யூஆர்எல்லை ஆப்புக்கு அனுப்புகிறது, ஆப் அதை வெப்வியூவில் (ஆப்புக்குள்ளேயே வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) திறக்கிறது. வங்கி வேலை முடிந்ததும், திரும்பி வர நாங்கள் கொடுத்த முகவரியான ரிட்டர்ன் யூஆர்எல்லுக்கு வருகிறது, அதில் ஸ்டேட்டஸ் சக்சஸ் என்று இருந்தால் ஆர்டரை உருவாக்குகிறேன்.

சில வங்கிகளின் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது, சிலவற்றில் வங்கியின் சொந்த ஆப் திறக்க வேண்டிய இடத்தில் பிழைப் பக்கம் வருகிறது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது நேற்று நடந்தது. பழைய போன் ஒன்றில் சோதித்தேன். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் ஆப் முகப்பிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது, கூடையில் பொருட்கள் அப்படியே இருக்கின்றன, கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டேட்டாபேஸில் ஆர்டர் என்று ஒரு வரிகூட இல்லை. இது ஒரு வாடிக்கையாளருக்கு நடந்தால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பின்தளம்_பார்ப்பவர்

வெப்வியூவை அப்புறம் பார்க்கலாம், பெரிய ஓட்டை சர்வர் பக்கம்தான் இருக்கிறது. ரிட்டர்ன் யூஆர்எல்லில் வரும் "சக்சஸ்" பணம் வந்ததற்குச் சாட்சி ஆகாது. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் கையால் தட்டித் திறக்கலாம், பணம் கட்டாமலே உங்களிடம் ஆர்டர் விழும். உங்களுக்கு நேற்று நடந்தது இதன் மறுபக்கம்: பணம் கட்டியவர் திரும்பி வரவே இல்லை, அதனால் ஆர்டரும் இல்லை.

வங்கிக்கு அனுப்பும் முன்பே ஆர்டரை "காத்திருப்பில்" என்ற நிலையில் பதிவுசெய்துவிடுங்கள். கேட்வேக்கு அனுப்பும் கோரிக்கையில் அந்த ஆர்டருக்கென ஒரு ஐடெம்பொடென்சி கீ (அதே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் தனிக் குறி) வையுங்கள், நெட்வொர்க் விட்டு விட்டு வந்து ஆப் இரண்டு முறை கேட்டாலும் ஒரே பேமெண்ட்தான் உருவாகும். நிலையை மாற்றும் உரிமை இரண்டுக்கு மட்டும்: கேட்வே தானாகவே உங்கள் சர்வருக்கு அனுப்பும் செய்தியான வெப்ஹூக், அல்லது உங்கள் சர்வர் கேட்வேயை நேராகக் கேட்டு வாங்கும் பதில். ஆப்புக்கு அந்த உரிமையே வேண்டாம்.

வெப்ஹூக்கில் பலரும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது வந்த செய்தியின் உடலை ஒரு பைட்கூட மாற்றாமல் எடுங்கள், ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் எச்மேக் (ரகசியச் சாவியைக் கொண்டு உடலிலிருந்து கணக்கிடும் கையொப்பம்) பொருந்தாது. ஒரே செய்தி இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும், ஆள் ஆப்புக்குத் திரும்புவதற்கு முன்பே வந்து சேர்வதும் உண்டு. பேமெண்ட் ஐடிக்கு டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத விதி) போட்டுவிட்டால் இரட்டைப் பதிவுக்கு இடமில்லை. தொகையையும் நாணயத்தையும் ஆர்டரோடு ஒப்பிட்ட பிறகே "பணம் வந்தது" என்று குறியுங்கள், இதை விட்டுவிட்ட நிரல்களை நானே சரிசெய்திருக்கிறேன்.

நடுவிரல்_தொடுதிரை

ஆப் பக்கத்தை நான் சொல்கிறேன். வெள்ளைப் பக்கத்துக்கு ஒரு காரணம், ஆண்ட்ராய்டு வெப்வியூவில் ஜாவாஸ்கிரிப்டும் டாம் ஸ்டோரேஜும் (பக்கம் தன் தரவைப் போனில் சேமிக்கும் இடம்) இயல்பிலேயே அணைந்திருக்கும். பிழைப் பக்கத்துக்குக் காரணம், வங்கி தன் ஆப்பைத் திறக்க அனுப்பும் தனி ஸ்கீமை (எச்டிடிபிஎஸ் போல முகவரியின் தொடக்கத்தில் வருவது) வெப்வியூ தானாகக் கையாளாது, "அன்னோன் யூஆர்எல் ஸ்கீம்" என்று நின்றுவிடும். இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டுப்போடாதீர்கள், வெப்வியூவையே விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கஸ்டம் டேப், ஐஓஎஸ்ஸில் எஸ்எஃப் சஃபாரி வியூ கன்ட்ரோலர், இரண்டும் ஆப்புக்கு மேலே பிரவுசரையே திறப்பவை, 2015 முதலே இருக்கின்றன. வெப்வியூவுக்குள் ஓடும் பக்கத்தில் ஆப் தன் ஸ்கிரிப்டை நுழைக்க முடியும், அதாவது ஒருவர் தட்டும் வங்கிக் கடவுச்சொல்லை நாம் நினைத்தால் படிக்கலாம். அந்த வாய்ப்பே நம் கையில் இருக்கக்கூடாது. தவிர, முகவரிப் பட்டை தெரிந்தால்தான் இது தன் வங்கியின் பக்கமா என்று அவரால் பார்க்க முடியும்.

திரும்பி வர, உங்கள் வலை முகவரியே ஆப்பைத் திறக்கும்படி, ஆண்ட்ராய்டில் ஆப் லிங்க், ஐஓஎஸ்ஸில் யுனிவர்சல் லிங்க் இரண்டையும் போடுங்கள். நீங்களே வைக்கும் தனி ஸ்கீமை வேறு எந்த ஆப்பும் தன்னுடையது என்று பதிவுசெய்துகொள்ள முடியும், இவற்றிலோ டொமைன் உங்களுடையது என்பதற்கான கோப்பு உங்கள் சர்வரிலேயே இருக்கும். அந்தக் கோப்பின் முகவரி வேறு எங்கும் ரீடைரக்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரீடைரக்ட் ஆகிவிட்டால் சரிபார்ப்பு தோற்கும். இன்னொன்று: பக்கம் தானாக ரீடைரக்ட் ஆகும்போது லிங்க் ஆப்பைத் திறக்காமல் பிரவுசரிலேயே தங்கிவிடும் நேரங்கள் உண்டு, விரலால் தொட்டால்தான் திறக்கும். அதனால் ரிட்டர்ன் பக்கத்தைக் காலியாக விடாமல் "ஆப்புக்குத் திரும்பு" என்று பெரிய பொத்தான் ஒன்று வையுங்கள்.

பழைய போனில் நடந்தது, நினைவகம் போதாமல் பின்னணியில் இருந்த ஆப்பை ஓஎஸ் கொன்றது. இதைத் தடுக்க முடியாது, எதிர்பார்த்து எழுதத்தான் வேண்டும். பிரவுசரைத் திறக்கும் முன் ஆர்டர் ஐடியை டிஸ்க்கில் எழுதிவையுங்கள், ஆப் தொடங்கும்போது முடியாத ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முகப்புக்குப் போகாமல் நேராக அதன் நிலைத் திரைக்குப் போங்கள்.

வண்டிக்கூடை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. ஆள் டேபை மூடிவிட்டால் அதை ரத்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

உதவிமேசை

வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் புகார்களைப் பார்ப்பவள் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். வங்கியின் ஆப்பில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து டேபை மூடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் "பேமெண்ட் தோல்வி" என்று காட்டினால் உடனே இன்னொரு முறை கட்டுவார்கள், அப்புறம் ஒரே கூடைக்கு இரண்டு தொகை போயிருக்கும். டேப் மூடியதும் சர்வரைக் கேளுங்கள், இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் வரை. அதுவரை திரையில் "உங்கள் வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், மறுபடி பணம் கட்ட வேண்டாம்" என்று இருக்கட்டும், கூடவே ஆர்டர் எண். பதில் வரவில்லையென்றால், வந்ததும் நோட்டிபிகேஷனில் சொல்கிறோம் என்று அவரைப் போகவிடுங்கள். தோல்வி என்ற சொல்லை கேட்வே உறுதியாகச் சொன்ன பிறகே எழுதுங்கள்.

பொருளை எவ்வளவு நேரம் ஒதுக்கிவைப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். ஆர்டர் காலாவதியான பிறகு பணம் வந்து சேர்வதும் உண்டு. பொருள் இருந்தால் ஆர்டரை உயிர்ப்பியுங்கள், இல்லையென்றால் அவர் கேட்பதற்கு முன்பே ரீபண்ட் தொடங்கிவிட வேண்டும்.

வண்டிக்கூடை

நீங்கள் எல்லோரும் சொன்னபடி மாற்றிவிட்டேன். வங்கிப் பக்கம் திறந்திருக்கும்போதே கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில் "ஏஎம் கில்" கொடுத்து ஆப்பைக் கொன்றேன், பணத்தைக் கட்டி முடித்தேன், ஆப்பை ஐகானிலிருந்து திறந்தேன். காத்திருக்கும் திரைதான் முதலில் வந்தது, நான்கு நொடியில் "பணம் வந்தது" என்று மாறியது. லாகில் பார்த்தால் வெப்ஹூக் இரண்டு முறை வந்திருக்கிறது, ஆர்டர் ஒன்றுதான். காலாவதிக்குப் பிறகு வரும் பணத்தை நாளை எழுதுகிறேன், அதை முடிக்காமல் இதை வெளியிடப் போவதில்லை.