வட சென்னையில் சாலையை அகலப்படுத்தினால் எங்கள் பக்கம் முன்னேறுமா?

வண்ணைக்கடை:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து வாடகைக் கடை நடத்துகிறோம். 2024 மார்ச்சில் தங்கசாலையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்ததிலிருந்து தெருவில் இதே பேச்சுதான். 4,181 கோடி என்றார்கள். இத்தனை வருடம் கண்டுகொள்ளாத பகுதிக்குப் பணம் வருவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நாளைக்கு எங்கள் தெருவில் டேப் பிடித்து அளந்து கோடு போட்டால் முதலில் காலியாவது எங்களை மாதிரி வாடகைக்காரர்கள்தான். சாலை அகலமானால் வியாபாரம் கூடுமா, இல்லை வண்டிகள் நிற்காமல் போக மட்டும்தான் உதவுமா?

ராயபுரம் ரயிலடி:
எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது. ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856-ல். தண்டவாளம், துறைமுகம், மில், குடோன் என்று நம்ம பக்கம் எல்லாமே சரக்குக்காக அமைந்தவை, குடியிருப்பவர்கள் அந்த இடுக்கில்தான் வாழ்ந்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக ஒரு சுரங்கப்பாதையைத்தான் நம்ப வேண்டும், வியாசர்பாடி கணேசபுரம் பாதையில் மழைக்குத் தண்ணீர் நின்றால் அதுவும் போச்சு. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, சரி, ஸ்டேஷனை விட்டு இறங்கி வீடு வரை நடக்கப் பாதை எங்கே? முதலில் தண்டவாளத்தைத் தாண்டும் வழிகளைக் கூட்ட வேண்டும், அப்புறம் கண்டெய்னர் லாரிகளைத் தனிப் பாதையில் பிரிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு கடைத்தெருவை அகலப்படுத்தினால் அந்த லாரிகள் அதிலும் வரும்.

நடைபாதை வேண்டும்:
நம்ம வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்க வருபவர்கள் நடந்துதான் கடை கடையாக ஏறுகிறார்கள். அங்கே வண்டிக்கு இடம் கூட்டினால் நடப்பவர்களுக்குக் குறையும், வியாபாரம் படுத்துவிடும். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் செய்ததுபோல நடைபாதையை அகலமாக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதே பாண்டி பஜாரில் 2013-ல் நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பினார்கள், தெருவில் நடந்து போகிறவர் மேலே ஏறி வருவதில்லை என்று அவர்கள் புலம்பினார்கள். அந்தத் தப்பு இங்கே நடக்கக் கூடாது.

ஊர்சுற்றி:
தென் கொரியாவின் சியோலில் சொங்கேசொன் ஓடைக்கு மேல் இருந்த மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்க ஆரம்பித்து, 2005-ல் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். இடையில் 2004-ல் பேருந்துகளை மொத்தமாகச் சீரமைத்து, சாலை நடுவே தனித்தடம் கொடுத்தார்கள், அதனால்தான் ஒரு பெரிய சாலை போயும் ஊர் தாங்கியது. இதை எல்லாரும் பாராட்டுவார்கள். அங்கிருந்த தெரு வியாபாரிகளைப் பழைய விளையாட்டரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்து, சில வருடத்தில் அந்த அரங்கத்தையும் இடிக்க, அவர்கள் மறுபடி மூட்டை கட்டியதைச் சொல்பவர்கள் குறைவு. திட்டம் போடும்போதே யார் எங்கே போவார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மனுக்காரர்:
வண்ணைக்கடை, பயந்துகொண்டு உட்காராதீர்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் நிலத்துக்காரர் மட்டும் இல்லை, எடுப்புக்கு முந்தைய 3 வருடம் அங்கே பிழைப்பு நடத்தியவர்களும் அதில் வருவார்கள். நடைபாதைக் கடை என்றால் 2014 தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது. ஆனால் நீங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வண்ணைக்கடை:
நன்றி. கரண்ட் மீட்டர் கட்டிட ஓனர் பெயரில், வாடகை ரொக்கமாகவே கொடுக்கிறோம், ஒப்பந்தம் பழையது. என்ன செய்வது?

மனுக்காரர்:
மாநகராட்சித் தொழில் உரிமம், தொழில் வரி ரசீது, கடை முகவரியில் வந்த பில்கள், எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். அடுத்த மாதத்திலிருந்து வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள், ஓனரிடம் பேசி ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். உங்கள் வரிசையில் இருக்கும் மற்ற வாடகைக்காரர்களையும் இதைச் செய்யச் சொல்லி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் தெருவுக்கான வரைபடத்தைக் கேட்டு வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனு கொடுங்கள். கோடு போட்ட பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது சுலபம்.