கத்தாழை: மேலுக்குத் தடவலாம், உள்ளுக்கு யோசிக்கணும்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
சனிக்கிழமை

காலை 9:14

ரேவதி: அண்ணி, இருக்கீங்களா? இஸ்திரிப் பெட்டி கையில பட்டுடுச்சு. மணிக்கட்டுக்கு மேல ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்திருக்கு. கொப்புளம் இல்ல. பால்கனியில சோத்துக்கத்தாழை இருக்கு, வெட்டிப் போடட்டுமா?

பெரியம்மா: போடு கண்ணு. உடனே போடு.

கவிதா: முதல்ல தண்ணி. குழாயைத் திறந்துவிட்டு அதுக்குக் கீழ கையைக் காட்டு. 20 நிமிஷம். வளையல், வாட்ச் இருந்தா இப்பவே கழட்டிடு, வீங்கிட்டா வராது.

ரேவதி: 20 நிமிஷமா!

கவிதா: ஆமா. மேல ஆறின மாதிரி இருந்தாலும் தோலுக்குள்ள போன சூடு உள்ளயே வேலை செஞ்சுட்டிருக்கும். அதை இறக்கறது ஓடுற தண்ணிதான். கத்தாழையால அது முடியாது. ஐஸ் வைக்காத, பேஸ்ட் தடவாத.

கார்த்தி: ஐஸ் ஏன் வேணாம் அண்ணி? அதுவும் குளிர்ச்சிதானே?

கவிதா: ரத்தக் குழாய் சுருங்கிடும் கார்த்தி. அடிபட்ட தோலுக்கு ரத்தம் போகலேன்னா காயம் இன்னும் ஆழமாகும்.

காலை 9:47

ரேவதி: தண்ணி காட்டிட்டேன். எரிச்சல் நல்லாவே குறைஞ்சிருக்கு. இப்ப வெட்டலாமா?

சித்தப்பா: வெட்டறதுக்கு முன்னாடி செடியை ஒரு போட்டோ எடுத்துப் போடும்மா.

ரேவதி: [படம்]

சித்தப்பா: சரி, சோத்துக்கத்தாழையேதான். வெள்ளைப் புள்ளி இருக்கேன்னு யோசிக்காத, இளஞ்செடியில இருக்கும். நான் ஏன் கேட்டேன்னா, ஆனைக்கத்தாழையை இதுன்னு நினைச்சு வெட்டறவங்க நிறைய பேர். அந்தச் சாறு தோல்ல பட்டாலே அரிச்சுத் தடிச்சுப் போயிடும். ஊசி ஊசியா உப்புப் படிகம் இருக்கு அதுல. 2017ல சீனாவுல ஒரு பொண்ணு, சோத்துக்கத்தாழைன்னு நினைச்சு ஆனைக்கத்தாழை இலையை நேரலை வீடியோவுலயே கடிச்சுத் தின்னுட்டு, வாய் மரத்து, தொண்டை எரிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போச்சு.

கார்த்தி: ரெண்டையும் எப்படிப் பிரிக்கறது சித்தப்பா?

சித்தப்பா: ஆனைக்கத்தாழை இலை நுனியில கருப்பா, இரும்பு ஆணி மாதிரி ஒரு முள்ளு நிக்கும். இலையை ஒடிச்சா நார் நாரா வரும், கயிறு திரிக்கற நார். சோத்துக்கத்தாழையில நாரே இருக்காது. உள்ள கண்ணாடி மாதிரி சோறுதான். பக்கத்து முள்ளும் மெத்துன்னு இருக்கும்.

சித்தப்பா: ரேவதி, வெளிப்பக்கம் மண்ணுக்குக் கிட்ட இருக்கற தடிச்ச இலையா எடு. நடுக்குருத்தைத் தொடாத. அடியோட வெட்டி, வெட்டின முனை கீழ இருக்கற மாதிரி ஒரு டம்ளர்ல நிறுத்தி வை. கால் மணி நேரம் அப்படியே விடு.

காலை 10:10

ரேவதி: சித்தப்பா, வெட்டின இடத்துல தோலை ஒட்டிச் சுத்தியும் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. அதுல இருந்துதான் வடியுது. டம்ளர் அடியில பழுப்பாத் தேங்கிடுச்சு. வாடை குப்புன்னு அடிக்குது. நடுவுல இருக்கற சோத்துல ஒரு நிறமும் இல்ல.

கவிதா: நீ இப்ப பார்க்கற இதைத்தான் எல்லாரும் பார்க்கணும்னு ஆசைப்படறேன். ஒரு இலைக்குள்ள ரெண்டு சரக்கு இருக்கு. தோலுக்கு அடியில மஞ்சள் பால், நடுவுல சோறு. ரெண்டும் செய்யற வேலை வேற வேற.

கவிதா: சோத்துல நூத்துக்கு 98, 99 பங்கு தண்ணி. மீதியில அசெமானன்னு ஒரு மாவுச் சத்து வகை இருக்கு, அந்த வழவழப்பு அதனாலதான். தோல் மேல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், எரிச்சலை அடக்கும். மஞ்சள் பாலுல அலோயின்னு ஒண்ணு. பயங்கரக் கசப்பு. குடலைக் கிண்டிவிட்டுப் பேதியாக்கும். தோல்ல பட்டாலும் சிலருக்கு அரிக்கும்.

ரமணி மாமா: கரியபோளம், மூசாம்பரம்னு சொல்றது இந்த மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக வெச்சதுதானே?

கவிதா: அதேதான் மாமா. அதனாலதான் அது பேதி மருந்து.

கவிதா: ரேவதி, வடிஞ்சதும் இலையை நல்லாக் கழுவு. ரெண்டு ஓரத்து முள்ளையும் சீவு, மேல்தோலைச் சீவு. சோத்தை எடுத்துத் திரும்பவும் கழுவு, மஞ்சள் துளிகூட இருக்கக் கூடாது. அப்புறம் மெல்லிசாத் தடவு. காய்ஞ்சா திரும்பத் தடவிக்கலாம். இன்னொண்ணு, நாளைக்குக் கொப்புளம் வந்து உடைஞ்சா அது மேல இதைப் போடாத. வீட்டுக் கத்தியால வெட்டின சோத்துல கிருமி இருக்கும். மூடின தோலுக்கு மட்டும்தான்.

பெரியம்மா: கொப்புளம் வந்தா நாமளே ஊசியால குத்தி விட்டுடலாம்ல?

கவிதா: ஐயோ வேண்டாம் பெரியம்மா. அந்தத் தோல்தான் அதுக்குக் கட்டு. உடைச்சா கிருமி உள்ள போக வழி விட்ட மாதிரி.

கார்த்தி: நிஜமாவே தீக்காயத்தை ஆத்துமா அண்ணி, இல்ல குளுகுளுன்னு இருக்கறதோட சரியா?

கவிதா: சின்னக் காயத்துல ஆத்தும்னு சொல்ல ஆதாரம் இருக்கு. 1935லயே எக்ஸ்ரே கதிர் பட்டு வெந்த தோலுக்குக் கத்தாழை போட்டு ஆறினதை டாக்டருங்க எழுதியிருக்காங்க. 2007ல அதுவரைக்கும் வந்த 4 ஆய்வைச் சேர்த்துப் பார்த்தப்ப, கத்தாழை போட்டவங்களுக்கு ஏறக்குறைய 9 நாள் முன்னாடியே ஆறியிருந்துச்சு. ஆனா எல்லாம் சின்ன ஆய்வு, ஒவ்வொருத்தரும் கத்தாழையை ஒவ்வொரு விதமாப் பயன்படுத்தியிருக்காங்க. அதனால லேசான காயத்துக்குத் தாராளமாப் போடுன்னு சொல்வேன். உள்ளங்கையை விடப் பெரிசு, முகம், விரல், மூட்டு, மறைவிடம், வெளுத்தோ கருகியோ போன தோல், தொட்டா உணர்ச்சியே இல்லாத இடம், குழந்தைக்குப் பட்ட காயம் எதுவா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. எங்க தீக்காய வார்டுக்கு வர்றவங்கள்ல எதையாவது பூசிக்கிட்டு வர்றவங்க உண்டு. அதைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் காயத்தையே பார்க்க முடியும். அந்த வலியைப் பார்க்கவே முடியாது.

காலை 10:32

திவ்யா: அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். சிசேரியன் தையல் ஒரு ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஈரமாவே இருக்கு. கத்தாழை போட்டா சீக்கிரம் காயும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.

கவிதா: போடவே போடாத திவ்யா. 1991ல இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஆபரேஷன் காயம் பிரிஞ்சு போன பொண்ணுங்களுக்கு, வழக்கமான கட்டு மட்டும் போட்டவங்களுக்குச் சராசரியா 53 நாள்ல ஆறுச்சு. கத்தாழை ஜெல்லும் சேர்த்தவங்களுக்கு 83 நாள். ஆழமான காயத்துல அது தாமதம்தான் பண்ணுச்சு.

கவிதா: அதை விட முக்கியம், தையல் இன்னும் ஈரமா இருக்குன்னா இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டு. காய்ச்சல் இருக்கா? நாத்தம், சீழ் ஏதாவது?

திவ்யா: காய்ச்சல் இல்ல அண்ணி. லேசா வாடை இருக்கு.

கவிதா: அப்ப சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்காத. இப்பவே போன் பண்ணிட்டுக் கிளம்பு. எனக்கும் சொல்லு.

திவ்யா: சரி அண்ணி, கிளம்பறேன்.

காலை 10:51

ரமணி மாமா: [ஃபார்வர்டு] தினமும் காலையில் வெறும் வயிற்றில் கற்றாழைச் சாறு குடித்தால் சர்க்கரை, மூட்டு வலி, மலச்சிக்கல், புற்றுநோய் அனைத்தும் பறந்து போகும். பக்க விளைவே இல்லாத இயற்கை மருந்து. பகிருங்கள்.

பெரியம்மா: நான் குடிச்சுட்டுத்தானே இருக்கேன். வயிறு சுத்தமா இருக்கு. உடம்பே லேசான மாதிரி இருக்கு.

கவிதா: பெரியம்மா, எப்படிப் பண்ணிக் குடிக்கறீங்க?

பெரியம்மா: இலையைக் கழுவி, முள்ளைச் சீவிட்டு, துண்டு போட்டு மிக்ஸியில அடிச்சு வடிகட்டுவேன். தோல்லதான் சத்துன்னு சொன்னாங்க.

கவிதா: தோலோடவா?

பெரியம்மா: ஆமாம்மா.

கவிதா: அப்ப அந்த மஞ்சள் பாலும் சேர்ந்துதான் உள்ள போகுது. வயிறு சுத்தமாகுதுன்னு நீங்க சொல்றது பேதிதான் பெரியம்மா. எத்தனை தடவை போகுது?

பெரியம்மா: மூணு, நாலு தடவை. தண்ணியாத்தான் போகும்.

கவிதா: ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுன்னு போன வாரம் சொன்னீங்களே. அது இப்பவும் இருக்கா?

பெரியம்மா: இருக்கு. வயசாச்சுல்ல, அதனாலன்னு நினைச்சேன்.

கவிதா: வயசு மட்டும்னு விட்டுட முடியாது. பேதியில தண்ணி மட்டும் போகாது, பொட்டாசியம் உப்பும் போகும். பிரஷருக்கு நீங்க சாப்பிடறதுல ஒண்ணு நீர் பிரியற மாத்திரை, அதுவும் பொட்டாசியத்தை வெளிய தள்ளும். ரெண்டும் சேர்ந்தா உப்பு ரொம்ப இறங்கிடலாம். அப்ப கால் இழுக்கும், அசதியா இருக்கும், அதிகமாப் போனா இதயத் துடிப்பே தாறுமாறாகும். சர்க்கரை மாத்திரை வேற சாப்பிடறீங்க. கத்தாழையை உள்ளுக்குச் சாப்பிட்டா சர்க்கரை கொஞ்சம் இறங்கறதுண்டு. மாத்திரையும் அதுவும் சேர்ந்து இறக்கினா திடீர்னு தலை சுத்தி விழுந்துடுவீங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு. இன்னையோட நிறுத்திடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.

பெரியம்மா: எங்கம்மா காலத்துல இருந்து சாப்பிடறதுதானேம்மா. அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே.

சித்தப்பா: அவங்க தோலோட அரைச்சுக் குடிக்கலையே. தோலைச் சீவி எறிஞ்சுட்டு, சோத்தை ஏழு தண்ணி விட்டுக் கழுவுவாங்க. கசப்பு போற வரைக்கும் கழுவணும்னு எங்க வீட்டுல பாட்டி சொல்லி நானே கேட்டிருக்கேன். கொஞ்ச நாள் சாப்பிட்டு நிறுத்திடுவாங்க.

கவிதா: சித்தப்பா சொல்றது ரொம்பச் சரி. அந்தக் கழுவலுக்கு அர்த்தம் இருந்துச்சு. அப்ப இந்த மாத்திரைகளும் இல்ல.

கவிதா: மாமா, அந்த மெசேஜ்ல பக்க விளைவே இல்லைன்னு போட்டிருக்கறது தப்பு. அமெரிக்காவுல டாக்டர் சீட்டு இல்லாமலே வித்துட்டிருந்த கத்தாழைப் பேதி மருந்துகளை 2002ல அரசாங்கமே எடுக்கச் சொல்லிடுச்சு. பாதுகாப்பானதுன்னு காட்ட ஆதாரம் கேட்டாங்க, கம்பெனிங்க கொடுக்கல. அப்புறம் எலிகளுக்கு 2 வருஷம், மஞ்சள் நீக்காத முழு இலைச் சாறு கலந்த தண்ணியைக் கொடுத்துப் பார்த்தப்ப பெருங்குடல்ல கட்டி வந்துச்சு. எலிக்கு வந்தா நமக்கும் வரும்னு நேராச் சொல்லிட முடியாது. ஆனா உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு முழு இலைச் சாறை ‘மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ங்கற பட்டியல்ல வெச்சிருக்கு. புற்றுநோயைப் போக்கும்னு அதையே அனுப்பறாங்களே, மனசு ஆறல மாமா. அதை நம்பி யாராவது வைத்தியத்தைத் தள்ளிப் போட்டா என்ன ஆகும்?

ரமணி மாமா: இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது

ரமணி மாமா: எடுத்துட்டேன்மா. இன்னும் ரெண்டு குழுவுல போட்டிருக்கேன், அங்கயும் எடுத்துடறேன். நீ எழுதினதை அங்க போடட்டுமா?

கவிதா: போடுங்க மாமா. கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க, சின்னக் குழந்தைங்க, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க உள்ளுக்குச் சாப்பிடவே கூடாதுன்னு சேர்த்துக்கோங்க.

காலை 11:20

கார்த்தி: அண்ணி, கடைசியா நான். பருவுக்கு ஜெல் வாங்கி வெச்சிருக்கேன், நல்ல பச்சைக் கலர். போடலாமா?

சித்தப்பா: ரேவதி வீட்டுச் சோத்துக்கு நிறமே இல்லைன்னு இப்பத்தானே சொன்னா? பச்சை, சாயம்ப்பா.

கவிதா: டப்பாவுக்குப் பின்னாடி என்னென்ன சேர்த்திருக்குன்னு படி. எது அதிகமோ அது முதல்ல வரும். கத்தாழை கடைசி வரியில இருந்து, ஆல்கஹாலும் வாசனையும் மேல இருந்தா உன் முகம் வறண்டு எரியும். எதுவா இருந்தாலும் முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ஒரு நாள் பாரு. சிவந்தாலோ அரிச்சாலோ உனக்கு ஒத்துக்கலைன்னு அர்த்தம். பருவை இதுவே போக்கிடும்னு எதிர்பார்க்காத, எரிச்சல் அடங்கும். வெயில்ல கருகினதுக்கும் அப்படித்தான், பட்ட பிறகு இதமா இருக்கும், வெயிலைத் தடுக்காது.

ரேவதி: பாதி இலை மிச்சம் இருக்கு. என்ன பண்ண?

சித்தப்பா: சோத்தை மட்டும் எடுத்து, கழுவி, மூடின டப்பாவுல ஃபிரிட்ஜ்ல வை. ரெண்டு, மூணு நாள்ல தீர்த்துடு. நிறம் மாறினாலோ, நீர்த்து வாடை வந்தாலோ கொட்டிடு. தோலைப் பூனை வாய்க்கு எட்டற இடத்துல போட்டுடாத. பூனை, நாய் ரெண்டுக்குமே ஆகாது, வாந்தியும் பேதியும் எடுக்கும்.

ரேவதி: அது தெரியாதே சித்தப்பா! எங்க வீட்டுப் பூனை அந்தத் தொட்டிப் பக்கத்துலதான் படுக்கும். தொட்டியை மேல மாட்டிடறேன்.

மதியம் 12:38

திவ்யா: அண்ணி, டாக்டர் பார்த்துட்டாங்க. உள்ள லேசா சீழ் கோத்திருக்காம். சுத்தம் பண்ணி மருந்து கொடுத்திருக்காங்க. மூணு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. யார் என்ன சொன்னாலும் எதையும் தடவக் கூடாதுன்னு அவங்களும் சொன்னாங்க.

கவிதா: நல்லவேளை உடனே போன. மாத்திரையைப் பாதியில விட்டுடாத.

பெரியம்மா: கவிதா, எனக்கும் திங்கட்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டான் தம்பி. என்ன சொல்லணும்னு எழுதிக் கொடும்மா.

கவிதா: மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க பெரியம்மா. தோலோட கத்தாழை அடிச்சுக் குடிச்சேன், எவ்வளவு நாளா, தினமும் எவ்வளவு, பேதி, கால் இழுக்கறது, எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லுங்க. பொட்டாசியம் பார்க்க ரத்தப் பரிசோதனை வேணுமான்னு நீங்களே கேளுங்க. அதுவரைக்கும் சர்க்கரையைக் காலையிலயும் சாயங்காலமும் பார்த்து எழுதி வைங்க. நடுவுல படபடன்னு வந்தாலோ, கை கால் துவண்டாலோ, மயக்கம் வந்தாலோ திங்கட்கிழமைன்னு பார்க்காதீங்க, அப்பவே எனக்குக் கூப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

பெரியம்மா: சரிம்மா. மலச்சிக்கலுக்கு அப்ப என்ன பண்றது?

கவிதா: அதையும் டாக்டர்கிட்டயே கேளுங்க. உங்க மாத்திரைகளோட ஒத்துப்போற மருந்து இருக்கு, அவங்க எழுதித் தருவாங்க.