கோவையில் சிமுலேட்டர் மையம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். கோவையில் விமான சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) பயிற்சி மையம் ஒன்றைச் சிறிய அளவில் தொடங்க நானும் தம்பியும் முயல்கிறோம். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கிய பிள்ளைகள், ஏர்லைன்ஸ் தேர்வுக்கு முன் ஏ320 விமானத்தின் காக்பிட்டில் (விமானி அறையில்) கை பழக ஊர் ஊராக அலைவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆறு விதமாக அசையும் லெவல் டி (மிக உயர்ந்த தரம்) சிமுலேட்டர் எங்கள் கைக்கு எட்டாது. அசையாத வகைதான் எண்ணம். ஆனால் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் இல்லாவிட்டால் அந்த மணிநேரம் உரிமக் கணக்கில் சேராது.

அதற்கு விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த இடத்தில் அதிகம் இழுத்தது? பழைய சிமுலேட்டர் வாங்கினால் உதிரிபாகம் கிடைக்குமா? அப்புறம், புரொஜெக்டரும் கணினிகளும் கக்கும் சூட்டுக்கு எத்தனை டன் ஏசி போட்டீர்கள்? பயிற்றுநராக வர விருப்பமுள்ள ஓய்வுபெற்ற விமானிகளும் தயவுசெய்து சொல்லுங்கள்.